‘கீ’ என்றால் எந்தக் கீ?

மெல்லிசைக் குழு ஒத்திகைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

“அக்கா, என்ன ஸ்கேல்?”

“அஞ்சரை, தம்பி.”

“ஜி ஷார்ப். மைனர்தானே?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நீங்க பல்லவியை வாசிங்க, நான் பிடிச்சுக்கிறேன்.”

இதே ஒத்திகை லண்டனிலோ அமெரிக்காவின் இசை நகரமான நாஷ்வில்லிலோ நடந்தால், கீபோர்டுக்காரர் ‘ஸ்கேல்’ என்று கேட்க மாட்டார். ‘என்ன கீ?’ என்பார். ஆங்கிலத்தில் இசையைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் ‘கீ’ வந்துகொண்டே இருக்கும். ஆனால் வருகிற இடத்துக்கெல்லாம் ஒரே பொருள் இல்லை. ஓரிடத்தில் விரல் படுகிற கட்டை, இன்னோரிடத்தில் பாட்டு எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது என்பது, வேறோரிடத்தில் ஒரு பேச்சாளரின் உரை. புதிதாக இசை படிப்பவர்களுக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எளிதானது முதலில். பியானோ, ஆர்மோனியம், கீபோர்டு ஆகியவற்றில் விரலால் அழுத்துகிற ஒவ்வொரு பட்டையும் ஒரு கீ. தமிழில் நாம் கட்டை என்கிறோம். முழு அளவுப் பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. இடது கோடியில் இருப்பது 27.5 ஹெர்ட்ஸ், வலது கோடியில் இருப்பது ஏறக்குறைய 4186 ஹெர்ட்ஸ். வீட்டுக்கு வாங்குகிற கீபோர்டில் பெரும்பாலும் 61 கட்டைகள் இருக்கும். பாட்டுப் பழக அதுவே தாராளம்.

கட்டை இல்லாத வாத்தியங்களிலும் கீ உண்டு. மேலைப் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் ஆகியவற்றின் துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகளுக்கும் ஆங்கிலத்தில் கீ என்றே பெயர். நம் மூங்கில் குழலில் விரலே துளையை மூடிவிடுகிறது, அதனால் கீ இல்லை. டிரம்பெட்டில் இருப்பவை கீ அல்ல, வால்வு. டிரம்ஸ்காரர்கள் பையில் ஒரு குட்டிச் சாவி வைத்திருப்பார்கள். டிரம் தோலை இறுக்கித் தளர்த்துவதற்கான அதற்கு ‘டிரம் கீ’ என்று பெயர். அது மட்டும் நிஜமாகவே சாவி. ஆல்பங்களின் பெயர்ப் பட்டியலில் ‘கீஸ்’ என்று போட்டுப் பக்கத்தில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் கீபோர்டு வாசித்தார் என்று பொருள்.

சாவிக்கும் இசைக்கும் என்ன உறவு? லத்தீனில் சாவிக்கு ‘கிளாவிஸ்’ என்று பெயர். கட்டை வாத்தியங்களுக்கு ஐரோப்பாவில் வழங்கிய ‘கிளேவியர்’, ‘கிளாவிகார்டு’ ஆகிய பெயர்கள் அதிலிருந்து வந்தவை. இசைத் தாளில் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் சுருண்டு நிற்கிற அடையாளத்தை ‘கிளெஃப்’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்குச் சாவி என்றே பொருள். எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் இருக்கிறது என்பதை அந்த அடையாளம்தான் சொல்கிறது. ஜெர்மன்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கட்டைக்கு ‘டாஸ்டெ’, பாட்டின் கீக்கு ‘டோனார்ட்’, கிளெஃபுக்குச் சாவி என்று பொருள்படும் ‘ஷ்லூஸல்’ என மூன்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் முதல் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, நம்மை அல்லாட விடுகிறது.

இனி உண்மையாக மண்டையைக் குடைகிற பொருளுக்கு வருவோம். ‘இந்தப் பாட்டு சி மேஜர் கீயில் இருக்கிறது’ என்றால் என்ன?

கைப்பேசியில் ஒரு பியானோ செயலியைத் திறந்துகொள்ளுங்கள். சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசியுங்கள்: சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. அங்கேயே நிறுத்திவிடுங்கள். காது சும்மா இருக்காது. அடுத்த கட்டையை எப்போது தொடுவாய் என்று கேட்கும். மேல் சி-யைத் தொட்டதும் அடங்கிவிடும். ‘ஸ ரி க ம ப த நி’ என்று பாடி ‘நி’யில் நிறுத்தினால் வருகிற அதே தவிப்புதான். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் போய்ச் சேர நினைக்கிற அந்த ஒரு ஸ்வரத்துக்கு மேலை இசையில் டானிக் என்று பெயர். நம் வழக்கில் ஆதார ஷட்ஜம். ஒரு பாட்டின் கீ என்ன என்று கேட்பது, முதலில் அதன் டானிக் எது என்று கேட்பதுதான்.

கேள்வியின் இரண்டாம் பாதி, மேஜரா மைனரா என்பது. அதே செயலியில் அதே வெள்ளைக் கட்டைகளை வாசியுங்கள். இம்முறை ஏ-யில் தொடங்கி மேல் ஏ-யில் முடியுங்கள். இடது கையால் ஏ-யை விடாமல் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு கறுப்புக் கட்டையையும் தொடவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. ஏதோ சோகம் படிந்தது போல இருக்கும். இது ஏ மைனர். கட்டைகள் எல்லாம் அதே கட்டைகள், கீ மட்டும் வேறு. இதை ஒருமுறை காதால் கேட்டுவிட்டால் கீ என்பது ஸ்வரங்களின் பட்டியல் அல்ல என்பது புரிந்துவிடும். எந்த ஸ்வரம் ஆதாரம் என்பதே விஷயம்.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் இந்நேரம் ‘இது கிரகபேதம்தானே’ என்று சொல்லியிருப்பார்கள். ஆமாம். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நடபைரவி வருகிறது. மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் 29-ஆம் மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்கள். இயல்பான மைனரின் ஸ்வரங்கள் 20-ஆம் மேளமான நடபைரவியின் ஸ்வரங்கள். மைனரில் ஏழாம் ஸ்வரத்தைக் கொஞ்சம் உயர்த்தி ‘ஹார்மோனிக் மைனர்’ என்பார்கள். அது கீரவாணியின் வரிசை.

அதற்காக ‘டி மைனர்’ என்றால் இரண்டு கட்டை சுருதியில் நடபைரவி என்று மொழிபெயர்த்து முடித்துவிடக் கூடாது. ராகத்துக்குக் கமகம், பிடி, நடை எல்லாம் உண்டு. கீக்கு அவை எதுவும் கிடையாது. மாறாக, கீக்கு ஒரு கார்டு குடும்பம் உண்டு. கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. சி மேஜரில் ஒரு பாட்டு என்றால் சி, எஃப், ஜி ஆகிய மூன்று கார்டுகளும் அடிக்கடி வரும். டி மேஜரானால் அவை டி, ஜி, ஏ. எழுத்துகள் மாறினாலும் உறவு மாறாது; ஆதாரத்திலிருந்து முதலாவது, நாலாவது, ஐந்தாவது. நாஷ்வில் ஸ்டூடியோக்களில் கார்டுகளின் பெயரை எழுதாமல் 1, 4, 5 என்று எண்களை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். பாடகர் கடைசி நிமிடத்தில் கீயை மாற்றச் சொன்னாலும் தாளில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம். நம் கச்சேரியில் தம்பூரா தொடங்கிய சுருதி மங்களம் வரை அதுவே. ராகம் மாறும், சுருதி மாறாது. மேலைச் செவ்வியல் இசையில் ஒரே படைப்புக்குள் ஆதாரமே இடம் மாறும். அதற்கு மாடுலேஷன் என்று பெயர். சி மேஜரில் தொடங்கி, எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப்பை (எஃப்-க்கு அடுத்த கறுப்புக் கட்டையை) நுழைத்து, மெல்ல ஜி-யை ஆதாரமாக்கிவிட்டு, பிறகு சி-க்கே திரும்புவார்கள். கேட்பவர் ஊருக்குப் போய் வந்த மாதிரி உணர்வது இதனால்தான். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி சி மைனரில் தொடங்கிக் கடைசிப் பகுதியில் சி மேஜருக்கு வந்து சேர்கிறது. சிம்பொனிகளின் பெயரோடு கீயையும் ஒட்டிச் சொல்வது அவர்கள் வழக்கம். நாம் கீர்த்தனையின் பெயரோடு ராகத்தைச் சொல்வது போல.

பன்னிரண்டு ஸ்வரங்களில் எதுவும் ஆதாரமாகலாம். ஒவ்வொன்றுக்கும் மேஜர், மைனர் என இரண்டு. ஆக 24 கீ. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ முதல் நூலில் இந்த 24-க்கும் ஆளுக்கொரு பிரெல்யூடும் ஃபியூக்கும் (இரண்டும் இசைப் படைப்பு வகைகள்) உண்டு. அன்றைய சுருதி சேர்ப்பு முறைகள் பலவற்றில் சில கீகள் இனிமையாகவும் சில கீகள் காதைக் குத்துவதாகவும் இருந்தன. இன்றைய கீபோர்டில் அந்தப் பேதம் இல்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே (கறுப்பையும் சேர்த்துத்தான்) எங்கே எடுத்தாலும் அதிர்வெண் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. இந்த இடைவெளிதான் செமிடோன். சி மேஜரில் வாசித்ததை டி மேஜரில் வாசித்தால் உயரம் மட்டும் மாறும், உருவம் அப்படியே இருக்கும். டி மேஜர் வெற்றிக் களிப்பு, எஃப் மைனர் மரண சோகம் என்றெல்லாம் எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீபோர்டைப் பொறுத்தவரை அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயலினில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜி, டி, ஏ, இ என்ற திறந்த தந்திகளோடு ஒத்துப்போகும் கீகளில் அது கணீரென்று ஒலிக்கும்.

சரி, அப்படியானால் நம் ஊர்க் கீபோர்டுக்காரர் ‘ஸ்கேல் என்ன’ என்று கேட்டது தப்பா? இந்திய இசை வட்டாரத்தில் தப்பே இல்லை. நாம் சுருதியை, அதாவது கீயை, ஸ்கேல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆர்மோனியக் கடையில் ‘ஸ்கேல் சேஞ்சர்’ என்று ஒரு வகை கிடைக்கும். கட்டைப் பலகையே இடமும் வலமும் நகரும், விரலை மாற்றாமல் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு இசைக்கலைஞரிடம் ‘என்ன ஸ்கேல்’ என்று கேட்டால் அவர் ‘பென்டடானிக்’ என்றோ ‘புளூஸ் ஸ்கேல்’ என்றோ பதில் சொல்லக்கூடும். அவர் காதில் ஸ்கேல் என்றால் ஸ்வர வரிசை, ஏறக்குறைய நம் ஆரோகண அவரோகணம். பாட்டின் ஆதாரம் வேண்டுமென்றால் கீ என்றே கேட்க வேண்டும்.

நம் கட்டைக் கணக்கும் ஆர்மோனியத்திலிருந்து வந்ததுதான். சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை: சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஷார்ப் ஆறரை. ஆக, ஆங்கிலத்தில் அழுத்துகிற கட்டைக்கும் பாட்டின் ஆதாரத்துக்கும் ஒரே பெயர் என்று குறை சொன்னோமே, தமிழிலும் அதே கதைதான். ‘கட்டை உடைந்துவிட்டது’ என்பதும் ‘ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்’ என்பதும் ஒரே கட்டை.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. “தம்பி, தொண்டை சரியில்லை, ஒரு கட்டை இறக்குங்க” என்று பாடகி சொல்கிறார். ஐந்தரையிலிருந்து ஒரு கட்டை இறங்கினால் நாலரை. இரண்டு செமிடோன் இறக்கம், தொண்டைக்கு நன்றாகவே தெரியும். அதே வார்த்தையை நாலு கட்டையில் பாடுபவர் சொன்னால்? நாலிலிருந்து மூன்றுக்கு, எஃப்-இலிருந்து இ-க்கு, ஒரே ஒரு செமிடோன்தான். நாலரையில் பாடுபவர் கேட்டால் இன்னும் வேடிக்கை: மூன்றரைக் கட்டை என்று ஒன்று ஆர்மோனியத்தில் கிடையவே கிடையாது. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, பி-க்கும் சி-க்கும் நடுவிலும் இல்லை. கூட்டல் கழித்தலை நம்பாமல் ‘ரெண்டு செமிடோன் இறக்குங்க’ என்றோ ‘இ-யில் வையுங்க’ என்றோ சொல்வது உத்தமம்.

இசைத் தாளைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு மூன்றாவது கீ ஒன்று காத்திருக்கிறது: கீ சிக்னேச்சர், அதாவது தலைக்குறி. கிளெஃபை அடுத்து ஷார்ப் (ஒரு செமிடோன் மேலே), ஃபிளாட் (ஒரு செமிடோன் கீழே) குறிகள் கொத்தாக நிற்குமே, அதுதான். ஒரு குறியும் இல்லையென்றால் சி மேஜர் அல்லது ஏ மைனர். ஷார்ப் குறிகள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி என்ற வரிசையிலேயே சேரும். கடைசியாக நிற்கிற ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே போனால் மேஜர் கீ கிடைத்துவிடும். இரண்டு ஷார்ப் இருக்கிறது. கடைசி சி ஷார்ப், அதற்கு மேலே டி. ஆகவே டி மேஜர். ஃபிளாட்டுகளில் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டின் பெயரே கீயின் பெயர். ஒரே ஒரு ஃபிளாட் என்றால் முந்தையது இருக்காது. அது எஃப் மேஜர், மனப்பாடம்தான். மைனர் வேண்டுமானால் மேஜரிலிருந்து மூன்று செமிடோன் கீழே வாருங்கள்: டி மேஜருக்கு பி மைனர், எஃப் மேஜருக்கு டி மைனர்.

தலைக்குறியை மட்டும் பார்த்து மேஜரா மைனரா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் ஒரே தலைக்குறி. பாட்டு எந்த ஸ்வரத்தில், எந்தக் கார்டில் வந்து அமைகிறது என்று கடைசி வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தலைக்குறிக் கணக்கை ஜாஸ் கலைஞர்கள் மேடையில் கைச்சாடையாக வைத்திருக்கிறார்கள். இரைச்சலில் கத்த முடியாதே. இரண்டு விரலை மேலே காட்டினால் இரண்டு ஷார்ப், அதாவது டி. ஒரு விரல் மேலே என்றால் ஜி. கீழ்நோக்கி ஒரு விரல் எஃப், இரண்டு விரல் பி ஃபிளாட். சாக்ஸபோன்காரர்களுக்குக் கீழ்நோக்கிய விரல்கள்தான் அதிகம் வேலைக்கு ஆகும், ஏனென்றால் ஊது வாத்தியங்களுக்கு ஃபிளாட் கீகள் கைக்கு வாகானவை.

வாத்தியத்துக்கே கீ உண்டு என்பது புதியவர்களைத் தடுமாற வைக்கும் அடுத்த இடம். சாதாரண டிரம்பெட் ‘பி ஃபிளாட்’ வாத்தியம். தன் தாளில் சி என்று எழுதியிருப்பதை டிரம்பெட்காரர் ஊதினால் அறையில் கேட்பது பி ஃபிளாட். ஆகவே பியானோக்காரர் சி மேஜரில் வாசிக்கும்போது டிரம்பெட்காரர் தாளில் டி மேஜர் இருக்கும். இந்தச் சண்டை வராமல் இருக்க ‘கான்சர்ட் கீ’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: காதில் உண்மையாக விழுகிற கீ. மவுத் ஆர்கன் வாங்கப் போனாலும் இதே விஷயம் எதிரே வரும். அதன் ஓரத்தில் ஓர் எழுத்து பொறித்திருக்கும். சி என்றிருந்தால் சி மேஜர் பாட்டுகளுக்குத் தோதானது. முதலில் வாங்குபவர்கள் சி-யே வாங்குவது நல்லது, பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் அதற்கே எழுதப்பட்டவை.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டி +1 வைத்துவிட்டால், நீங்கள் அழுத்துவது சி, ஒலிப்பது சி ஷார்ப். கிடாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கபோ என்ற கவ்வியை மாட்டுவதும் இதே வேலைதான்: இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பியில்) கபோ, விரல் வடிவம் ஜி, ஒலி ஏ. இதைச் சோம்பேறித்தனம் என்று முகம் சுளிக்கும் மூத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கீயைச் சொல்லும்போது மட்டும் விரல் படுகிற எழுத்தைச் சொல்லாமல் காதில் விழுகிற எழுத்தைச் சொல்ல வேண்டும்.

‘கீ சேஞ்ச்’ என்பது பாப் இசையில் கடைசிப் பல்லவிக்கு முன் சட்டென்று ஒரு செமிடோனோ இரண்டோ மேலே தாவுவது. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இது கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது. ‘லாரி டிரைவர் கியர் மாற்றுவது’ என்று ஆங்கிலத்தில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தாலும் அரங்கம் அந்த இடத்தில்தான் கை தட்டுகிறது.

மேடையை விட்டு இறங்கிய பிறகும் இந்தச் சொல் விடுவதில்லை. ‘ஆஃப் கீ’ பாடுகிறார் என்றால் சுருதி விலகிப் பாடுகிறார். இது பெரும்பாலும் குரலுக்குத்தான்; கிடார் சரியில்லை என்றால் ‘அவுட் ஆஃப் டியூன்’ என்பார்கள். ‘லோ கீ’ என்றால் ஆரவாரம் இல்லாத, அடக்கமான: லோ கீ கல்யாணம் என்றால் நாலு பேரைக் கூப்பிட்டு நடத்தியது. இன்றைய இளைஞர்கள் அதை ஒட்டி எழுதி, ‘எனக்கு லோகீ பசிக்கிறது’ என்கிற மாதிரி, ‘வெளியே சொல்லலை, ஆனா உண்மை’ என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். புகைப்படக்காரர்களின் ‘லோ கீ’ இருட்டு மிகுந்த படம், ‘ஹை கீ’ வெளிச்சம் மிகுந்த படம். ‘இன் எ மைனர் கீ’ என்று ஒரு நாவலின் மதிப்புரையில் வந்தால் அங்கே இசை எதுவும் இல்லை. கதை சோகமாக, அடங்கிய குரலில் போகிறது என்று அர்த்தம்.

‘கீநோட்’ என்பது முதலில் கீயின் ஆதார ஸ்வரம், நாம் மேலே பார்த்த டானிக்தான். அதிலிருந்து மாநாட்டின் போக்கைத் தீர்மானிக்கிற உரைக்கு அந்தப் பெயர் போனது; அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் அப்படி ஓர் உரைக்கென்றே இடம் உண்டு. தமிழில் இதைச் ‘சிறப்புரை’ என்று போட்டுவிடுகிறோம். ‘மையவுரை’ இன்னும் பொருத்தம்.

எல்லாக் கீயையும் இசைக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ‘கீ பாயின்ட்’, ‘கீ ரோல்’ ஆகியவற்றில் இருப்பது சாவி, சுருதி அல்ல. கணினி விசைப்பலகை மட்டும் நேரே இசையிலிருந்து வந்த சொந்தக்காரன். கட்டைகள் அடுக்கிய பலகைக்கு ‘கீபோர்டு’ என்ற பெயர் தட்டச்சுப் பொறிக்கு முந்தியது. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1868-இல் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியில் எழுத்து விசைகள் பியானோக் கட்டைகளைப் போலவே நீளநீளமாகப் படுத்திருந்தன. வட்டப் பொத்தான்கள் அதற்குப் பிறகு வந்தவை.